இரண்டு நிமிஷ ஓய்வு

வியாசர்பாடி, சென்னை
16.1.1996

அன்புத் தங்கை ரத்தினத்துக்கு அண்ணன் சின்னத்தம்பி எழுதுவது.

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. கூடவே உன் அண்ணியின் வாயும் பொங்கியது. மற்றபடி வீட்டில் யாருக்கும் குறையில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இட்லிக் கடை ஓடுகிறதா? உன் பிள்ளை, என் மருமகன் சுரேந்திரன் இன்னும் அந்த லைன்கார் பஸ்ஸிலேயே தொங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறானா?

அண்ணிக்குக் கோபம் என் பீரோ மேல்தான். பட்டுப்புடவை வைக்க வாங்கிய பீரோவில் நான் லெத்வே குத்துச்சண்டைச் சாமான்களை அடுக்கிவிட்டேனாம், வீடே பிண வாடை அடிக்கிறதாம். அவள் கிடக்கிறாள். மோல்மேன் பக்கத்துச் சண்டைக்காரர் ஒருவர் சண்டையில் கையில் சுற்றிய கைத்துணி வந்திருக்கிறது ரத்தினம். ரத்தக்கறை கருத்துப்போய் அப்படியே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி செய்து, பெயரும் வருஷமும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் சங்கத்தில் அடுத்த வருஷம் எல்லாவற்றையும் பார்வைக்கு வைக்கப் போகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு லெத்வே என்றால் என்னவென்றே தெரியவில்லை. "கிளவுஸ் போடாமலா குத்துவாங்க?" என்கிறார்கள். கை, கால், முட்டி, தலை எல்லாம் ஆயுதம், கையில் வெறும் துணிதான் என்று சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.

அவர்களுக்கு நம் அப்பாவின் கதையையும் சொன்னேன். அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செல்லக்கண்ணு, மாசிப் பௌர்ணமித் திருவிழாவில் விழுந்தார். விழுந்தவருக்கு உண்டான இரண்டு நிமிஷ ஓய்வு கேட்டார். ஓய்வு முடிந்ததும் எழுந்து வந்து எதிராளியைச் சாய்த்துப் பரிசுப் பட்டுக்கொடி வாங்கினார். நான் கப்பலேறிய மாதம் நடந்தது அது. இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பீரோவின் நடுத்தட்டு காலியாக இருக்கிறது. அப்பாவின் கொடிக்காக. அது உன்னிடம்தான் இருக்க வேண்டும். தேடிப் பார். கப்பலில் வேலை செய்யும் மீரா முகைதீன் வரும்போது கொடுத்தனுப்பு.

உன் அண்ணன்
சின்னத்தம்பி


மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
27.2.1996

அன்புள்ள அண்ணாவுக்கு ரத்தினம் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணி பாவம். ஊரான் ரத்தம் தோய்ந்த துணியைப் பட்டுப்புடவை இடத்தில் வைத்தால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? நானாக இருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன்.

உங்கள் மருமகன் கியாக்டடாவில் பழைய புத்தகம் விற்கிற தெருவில் அலைந்து ஒரு சண்டை நோட்டீஸ் பிடித்து வந்திருக்கிறான். எலி கடித்த மூலை போக மீதியை அனுப்புகிறேன். மாமாவுக்கு மாமாவுக்கு என்று உயிரை விடுகிறான். அப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை. நீங்கள் எழுதுகிற கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கி, எழுத்துக் கூட்டித் தானே வாசிக்கிறான்.

கொடி கிடைக்கவில்லை. வீடு எத்தனையோ தடவை மாறிவிட்டோம். அதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு
ரத்தினம்


வியாசர்பாடி
9.4.1996

அன்புத் தங்கை ரத்தினத்துக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நோட்டீஸைப் பார்த்து வெயிலும் தெரியவில்லை, அண்ணி பேசியதும் காதில் விழவில்லை. எலி கடித்தாலும் பொக்கிஷம் பொக்கிஷம்தான். சுரேந்திரனுக்கு என் முத்தம். அவனுக்கு இருக்கிற கண் உனக்கு இல்லை.

அவனிடம் ஒரு வேலை சொல். அலோனில் பர்கத்துல்லா என்று ஒரு பழைய சண்டைக்காரர் இருக்கிறாராம், இன்னும் பையன்களுக்குப் பழக்கம் கொடுக்கிறாராம். அப்பா கொடி வாங்கிய அன்றைக்கு அவர் மூலையில் நின்று தண்ணீர் ஊற்றியவர். அவரிடம் படமோ துணியோ ஏதாவது இருக்கும். போய்ப் பேசட்டும். என் பெயரைச் சொல்லட்டும்.

கொடியை விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். எப்படி விடுவேன்? நடுத்தட்டைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது.

சின்னத்தம்பி


மிங்கலா தாங்ஞுன்ட்
18.6.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. ரயில் பாதை ஓரமெல்லாம் தண்ணீர். கடையை ஒரு வாரம் திறக்கவில்லை.

பர்கத்துல்லாவிடம் படம் கேட்கப் போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். முதலில் அவர் விரட்டிவிட்டாராம். "செல்லக்கண்ணு பேரனுக்கு நான் கத்துக்குடுக்க மாட்டேன், போ" என்றாராம். இவன் தினமும் வேலை முடிந்து போய் அவர் வாசலைப் பெருக்கி, தண்ணீர் சுமந்து அவரைக் கரைத்துவிட்டான். போன வாரம் உதடு கிழிந்து வந்தான். கேட்டால் லைன்கார் படியில் இடித்துக்கொண்டானாம். பெற்றவளுக்குத் தெரியாதா அடிபட்ட உதடு எது, இடிபட்ட உதடு எது என்று? இவனுக்கு ஒரு பிழைப்பு இருக்கும்போதே ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிடலாம் என்று நான் இருக்கிறேன். இவன் இப்படி ஆரம்பிக்கிறான்.

அண்ணா, நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேண்டாம் என்று ஒரு வரி போதும். நான் கத்தினால் சிரிக்கிறான். தாய்மாமன் சொன்னால் கேட்பான்.

ரத்தினம்


வியாசர்பாடி
22.7.1996

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதியம் இரண்டு பிடி அதிகம் சாப்பிட்டேன். அப்பாவின் ரத்தம் எங்கே போகும்? எனக்கு வாய்க்காதது அவனுக்கு வாய்த்திருக்கிறது. ஆண்பிள்ளைக்கு உதடு கிழிந்தால் என்ன, தைத்துக்கொள்வான். நீ ஏன் கிடந்து தவிக்கிறாய்? வேண்டாம் என்று எழுத என் கை வராது ரத்தினம். நாளைக்கு அவன் கொடி வாங்கி வந்தால் முதலில் சாம்பிராணி போடுகிறவள் நீதான்.

பர்கத்துல்லா படம் கொடுத்தாரா இல்லையா, அதை நீ எழுதவேயில்லை.

சின்னத்தம்பி


மிங்கலா தாங்ஞுன்ட்
30.8.1996

அண்ணாவுக்கு,

இத்தனை வருஷமாக எழுதாததை எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அப்பா அன்றைக்கு எழுந்தார். ஜெயித்தார். கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். எல்லாம் உண்மை. நீங்கள் கப்பலேறும்போது தலையில் துணி கட்டிப் படுத்திருந்தார், அசதி என்று நினைத்துக் காலைத் தொட்டுவிட்டுப் போனீர்கள். அது அசதி இல்லை அண்ணா. அதற்குப் பிறகு அவர் துறைமுகத்துக்குப் போகவேயில்லை. என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவை யாரென்று கேட்டார். சோற்றை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எங்காவது மேளச் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற இடத்திலிருந்து சண்டைக்கு நிற்பதுபோல் கையை மடக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். இப்படியே எட்டு வருஷம். காய்ச்சலில் போனார் என்று உங்களுக்கு எழுதினோம். அம்மாதான் எழுதச் சொன்னாள். "அவனே அங்க ஒண்டுக் குடுத்தனத்துல கெடக்கான், இதை வேற எழுதி என்ன ஆகப்போவுது, எல்லாரும் சுகம்னு போடு" என்றாள். போட்டேன். கை பழகிவிட்டது. இன்றைக்கும் பேனா எடுத்தால் அந்த வரிதான் முதலில் வருகிறது.

கொடியைக் கேட்டீர்களே. அம்மா அதை நாலாகக் கிழித்து அப்பாவின் வாயில் வழிகிறதைத் துடைக்க வைத்திருந்தாள். பட்டு என்பதால் தோல் உரசாது என்றாள்.

நம்பிக்கை இல்லையென்றால் பர்கத்துல்லாவைக் கேளுங்கள். அவர் ஏன் சுரேந்திரனை முதலில் விரட்டினார் என்று கேளுங்கள். கார்த்திகைப் பௌர்ணமிக்குப் பகோ பக்கம் ஒரு திருவிழாவில் இவனை இறக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

ரத்தினம்


வியாசர்பாடி
26.9.1996
சயா பர்கத்துல்லா மேற்பார்வை, அலோன்

அன்பு மருமகன் சுரேந்திரனுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

நல்ல சாப்பாடு சாப்பிடு. முட்டை சாப்பிடு. இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்ட வேண்டாம். அவள் எனக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறாள். உன் தாத்தாவைப் பற்றி வாய் கூசாமல் எழுதியிருக்கிறாள். கஷ்ட காலத்தில் கொடியை விற்றுத் தின்றிருப்பார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு கதை கட்டுகிறாள். பயம் வந்தால் பெண்கள் எதையும் சொல்வார்கள். நான் என் கண்ணால் பார்த்தவன். உன் தாத்தா கல்மாதிரி எழுந்து நின்றார்.

நான் சொல்வது ஒன்றுதான். விழுவது அவமானம் இல்லை. எல்லாரும் விழுவார்கள். விழுந்தால், தோல்வி என்று துண்டு வீச உன் வாத்தியார் சயாவை விடாதே. இரண்டு நிமிஷ ஓய்வு உன் உரிமை. அதைக் கேட்டு வாங்கு. நம் வம்சம் கேட்காமல் விட்டதில்லை. பிறகு எழுந்து நில். தாய்மாமன் சொல்கிறேன், எழுந்து நில்.

என் பீரோவில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது.

உன் மாமா
சின்னத்தம்பி


அலோன்
19.11.1996

மாமாவுக்கு சுரேந்திரன் வணக்கம்.

நான் நல்லா இருக்கேன். நீங்க, மாமி எல்லாரும் நல்லா இருக்கணும். எனக்கு தமிழ் எழுத வராது மாமா. கோயில் பள்ளிக்கூடத்துல அம்மா சேத்து விட்டப்போ சுவர் ஏறி ஓடிட்டேன். தப்பு இருந்தா சிரிக்காதீங்க.

உங்க கடிதத்தை பனியன் உள்ள வெச்சிருக்கேன். சயாவுக்கும் படிச்சு காட்டினேன். அவர் லபெயே டீ கிளாஸை அப்படியே வெச்சுட்டு வெளிய போயிட்டார்.

பௌர்ணமிக்கு சண்டை. அம்மாகிட்ட பகோவுக்கு லைன்கார் டிரிப்னு சொல்லியிருக்கேன். எதிராளி என்னைவிட கொஞ்சம் பெரிய ஆள், கரேன் இனத்துக்காரன், நல்ல மனுஷன். போன தடவை பார்த்தப்போ எனக்கு வெத்திலை மடிச்சு குடுத்தான்.

மாமா, அம்மா கொடியை விக்கலை. அம்மா பொய் சொல்ல மாட்டா. ஆனா உங்க தட்டு காலியா இருக்கக்கூடாது. தாத்தா கொடி இல்லாட்டி என் கொடி அனுப்பறேன். அதுல என் பேர் எழுதி ஒட்டுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க.

பயம் இருக்கு. கொஞ்சம்தான்.

உங்க
சுரேந்திரன்


வியாசர்பாடி
6.1.1997

அன்புத் தங்கை ரத்தினத்துக்கு,

எல்லாரும் நலம்தானே? பௌர்ணமி முடிந்து எத்தனை நாளாயிற்று, உன்னிடமிருந்தும் ஒரு வரி இல்லை, பயலிடமிருந்தும் ஒரு வரி இல்லை. மீரா முகைதீனைத் துறைமுகத்தில் பிடித்துக் கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அவருக்கு என்ன கோபமோ. சுரேந்திரன் எனக்கு எழுதினான், எனக்கு எல்லாம் தெரியும். நீ என்மேல் கோபமாக இருப்பாய். இரு. தோற்றிருந்தால் என்ன, நானா திட்டப் போகிறேன்?

ஜெயித்தானோ தோற்றானோ, அவன் முதல் சண்டையின் கைத்துணியைத் துவைத்துவிடாதே. அப்படியே காகிதத்தில் சுற்றி அனுப்பு. சங்கத்தில் சித்திரையில் பார்வைக்கு வைக்கிறார்கள். அப்பாவின் பெயருக்குக் கீழே அவன் பெயர் இருக்க வேண்டும்.

பதில் போடு.

சின்னத்தம்பி


மிங்கலா தாங்ஞுன்ட்
11.2.1997

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற வரியை இதில் போடவில்லை. போட்டுப் போட்டுத்தான் இந்த கதிக்கு வந்தோம்.

நீங்கள் கேட்ட கைத்துணி இத்துடன் வருகிறது. துவைக்கவில்லை.

பர்கத்துல்லா வந்து என் கடை வாசலில் தரையில் உட்கார்ந்து சொன்னதை எழுதுகிறேன். மூன்றாவது சுற்றில் எதிராளியின் முழங்கை காதுக்கு மேலே விழுந்ததாம். இவன் மணலில் குப்புற விழுந்தான். அவர் துண்டை வீசக் கையை ஓங்கிவிட்டார். இவன் கண்ணைத் திறக்காமலே அவர் காலைப் பிடித்துக்கொண்டானாம். "மாமா சொல்லியிருக்காரு சயா, ரெண்டு நிமிஷம் கேளுங்க." அவர் கேட்டார். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், நினைவு வர காதைக் கடித்தார்கள், காலை நீவினார்கள். இரண்டு நிமிஷம் முடிந்ததும் எழுந்து நின்றான். மேளம் அடித்தார்கள். ஜனம் கத்தியது. அந்தக் கரேன்காரப் பையன் அடிக்க மனசில்லாமல் நடுவரைப் பார்த்தானாம். நடுவர் தலையாட்டினார். பிறகு ஒரே அடி.

ஆஸ்பத்திரியில் கார்த்திகை முடிந்தது, மார்கழி முடிந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். உயிர் இருக்கிறது. சாப்பிடுகிறான், ஊட்டினால். என்னை யார் என்று கேட்கவில்லை, அதுவரைக்கும் அப்பாவைவிடப் பரவாயில்லை. ஆனால் நிற்கிறான் அண்ணா. மேளம் கேட்டால் என்று இல்லை. விடிந்ததிலிருந்து நிற்கிறான். கையை மடக்கிக்கொண்டு அடுப்பங்கரைச் சுவரோரம் நிற்கிறான். கால் இரண்டும் வீங்கிப் பானை மாதிரி ஆகிவிட்டன. பாதத்தில் தோல் வெடித்து நீர் வடிகிறது. தோளைப் பிடித்து அழுத்தினால் என்னைத் தள்ளிவிடுகிறான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, என்னால் முடியவில்லை. அவனாக மயங்கிச் சரிந்தால்தான் தூக்கம். இப்படியே நின்றால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உக்காருடா ராஜா" என்று கெஞ்சுகிறேன். அவன் இப்போது பேசுகிறது ஒரே வார்த்தைதான். "மாமா நிக்கச் சொன்னாரு."

உங்களை வயிறெரிந்து திட்டியாயிற்று, அது உங்களுக்குக் கேட்டிருக்காது. இனித் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. மருந்து அனுப்ப வேண்டாம், வேறு எதுவும் அனுப்ப வேண்டாம். அவனை உட்காரச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். நான் போன வருஷம் கேட்டபோது எழுதவில்லை. இப்போதாவது எழுதுங்கள். தாய்மாமன் சொன்னால் கேட்பான்.

ரத்தினம்


வியாசர்பாடி
3.3.1997

சுரேந்திரா, என் கண்ணே,

மாமா எழுதுகிறேன். உன் மாமாதான்.

உட்காரப்பா. சண்டை முடிந்துவிட்டது. நீதான் ஜெயித்தாய். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேளக்காரனும் போய்விட்டான். இனி நிற்க வேண்டியதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. காலை நீட்டிக்கொள். நான் முன்பு எழுதியதை மறந்துவிடு, அது தப்பு. மாமாவுக்கு ஒன்றும் தெரியாது.

பீரோவைக் காலி செய்துவிட்டேன். மாமி புடவை வைத்திருக்கிறாள். நடுத்தட்டில் எதுவும் வேண்டாம். உன்னிடம் கொடி கேட்கவில்லை ராஜா, உட்கார்.

ரத்தினம், உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை. துணியைப் பிரித்தேன். அவன் கட்டைவிரல் பக்கத்து முடிச்சு அவிழாமல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சின்னத்தம்பி


மிங்கலா தாங்ஞுன்ட்
14.4.1997

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் திங்ஜான் தண்ணீர்த் திருவிழா அன்றைக்கு வந்து சேர்ந்தது. தெருவெல்லாம் தண்ணீரும் பாட்டுமாக இருந்ததால் கதவைச் சாத்திவிட்டு வாசித்துக் காட்டினேன்.

மாமா கடிதம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. இந்த ஐந்து மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசிவரை தலையைக் குனிந்து கேட்டான். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். படித்தேன். முக்காலியைக் காலுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்து, "மாமா சொல்லிட்டாருல்ல, உக்காருடா" என்றேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினான். நாலாக மடித்துப் பனியனுக்குள் பழைய கடிதத்தோடு வைத்துக்கொண்டான். பிறகு கையை மடக்கினான்.

இரண்டு தடவையும் நின்றுகொண்டேதான் கேட்டான் அண்ணா.

நீங்கள் ரொம்பப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு அது உங்கள் குரல் மாதிரி படவில்லை போல. இன்னொன்று எழுதுங்கள். கெஞ்ச வேண்டாம். சண்டைக்கு முன்னால் அவனுக்கு எழுதினீர்களே, அந்த மாதிரி அதட்டி எழுதுங்கள்.

மீரா முகைதீன் கப்பல் மாதக் கடைசியில் சென்னைக்கு வருகிறது. அவரிடமே கொடுத்துவிடுங்கள், தபாலில் போட்டால் தாமதமாகும். இடது கால் கருக்க ஆரம்பித்திருக்கிறது.

ரத்தினம்